சி லைப்ரரியைக் கொன்றது யார்?

"இதுதான் பிணம்" என்றார் லேப் டாக்டர்.

கறுப்புப் பெட்டியை அவர் கையால்கூடத் தொடவில்லை. ஷூ முனையால் இழுத்து வெளியே தள்ளினார். அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் மெயின் கம்ப்யூட்டர் அது. ஏசி அறையில் ராஜா மாதிரி வாழ்ந்துவிட்டு, இப்போது கால் உடைந்த நாற்காலிகளோடும் காலி பினாயில் கேன்களோடும் ஸ்டோர் ரூமில் கிடந்தது.

வாலு மண்டியிட்டு அதன் பக்கவாட்டில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தான்.

"நாடி இல்ல பாஸ். சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பிடலாம்."

"வேலையைப் பாரு" என்றாள் வக்கீலம்மா.

வக்கீலம்மா வக்கீல் இல்லை. சட்டம் படித்து, கோர்ட்டில் கொஞ்ச காலம் குப்பை கொட்டி, பொய் சொல்வதைவிடப் பொய்யைப் பிடிப்பதற்குத்தான் தான் லாயக்கு என்று தெரிந்துகொண்டு துப்பறிய வந்தவள். கறுப்புக் கோட்டு கழன்றது, பெயர் கழலவில்லை. வாலு அவளுடைய உதவியாளன். அதற்கு முன்னால் கம்பெனி கம்பெனியாகப் போய் சர்வர்களுக்கு வைத்தியம் பார்த்தவன். கையால் எடுத்த நல்ல பெயரையெல்லாம் வாயால் கெடுத்துக்கொண்டு கடைசியில் இவளிடம் வந்து சேர்ந்திருந்தான்.

"எப்படிச் செத்தது டாக்டர்?" என்று கேட்டாள் வக்கீலம்மா.

"கொன்னது என் சிஸ்டம் அட்மின். ரத்தம் சோதிக்கிற அனலைசர் மெஷின் புதுசு வாங்கினேன். அதோட சாஃப்ட்வேர் இதுல ஓடாதாம், சி லைப்ரரின்னு ஏதோ பழசாம். புதுசை சோர்ஸ் கோடுல இருந்து நானே கட்டி இன்ஸ்டால் பண்றேன்னான். பண்ணினான். மெஷின் படுத்துடுச்சு. பதறிப்போய்க் கண்டதை அழிச்சிருக்கான். அந்த மாசத்து டெஸ்ட் ரிசல்ட் மொத்தமும் போச்சு. பேக்கப் டிஸ்க்கும் சேர்ந்து போச்சு."

"இதெல்லாம் அவரே சொன்னதா?"

"என் கால்ல விழாத குறையா நின்னு சொன்னான்."

"அந்த மாசம்தான் உங்க பேஷண்ட் ஒருத்தங்க இறந்தாங்க, இல்லையா?"

"அது வேற விஷயம்" என்றார் டாக்டர், கேள்வி முடிவதற்குள். "நல்லாப் பாருங்க. எனக்கு மறைக்க ஒண்ணுமில்ல."

அவர் போகிற வரை பொறுத்திருந்து வாலு சொன்னான். "கேக்காமலே மறைக்க ஒண்ணுமில்லன்னு சொல்றவங்க வீட்டுல பீரோவுக்கு ரெண்டு பூட்டு இருக்கும் பாஸ்."

அவர்களை அங்கே அனுப்பியது அந்த அட்மினின் தங்கை. அதே லேபில் டெக்னீஷியனாக இருந்தவள். அண்ணனைத் துரத்திய அன்றைக்கே வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அவளும் வெளியே வந்துவிட்டாள். அண்ணன் வீட்டை விட்டே போய்விட்டான். அவள் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. லைப்ரரியைக் கொன்றவன் என்று தொழிலில் பெயர் பரவி, ஒரு கம்பெனியும் அவனை உள்ளே விடவில்லை.

"என் அண்ணன் தப்பே பண்ண மாட்டான்னு சொல்ல வரல மேடம்" என்று அவள் வக்கீலம்மாவிடம் சொல்லியிருந்தாள். "சமையல்ல தப்பு பண்ணுவான், பஸ் தப்பா ஏறுவான். இந்த வேலையில பண்ண மாட்டான். வேற யாரோ அவன் மேல பழி போட்டிருக்காங்க."

அந்த 'யாரோ'வைத் தேடித்தான் வாலு இப்போது ஒரு மானிட்டரையும் கீபோர்டையும் மாட்டி, ஒரு பென் டிரைவைச் செருகி, அதிலிருந்து பெட்டியை எழுப்பி, உள்ளே இருந்த டிஸ்க்கைத் துழாவிக்கொண்டிருந்தான்.

"முதல்ல எனக்கு ஒண்ணு புரியற மாதிரி சொல்லு" என்றாள் வக்கீலம்மா, ஒரு கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து. "இந்த லைப்ரரி என்ன செய்யும்?"

"எல்லாம் செய்யும் பாஸ். எந்த புரோகிராமும் தன் சொந்தக் கால்ல நிக்கிறதில்ல. ஃபைலைத் திறக்கணுமா, கொஞ்சம் மெமரி வேணுமா, திரையில ஒரு எழுத்து விழணுமா, எல்லாத்துக்கும் இதுகிட்டதான் கை நீட்டும். இது ஒண்ணு போனா மொத்தக் குடும்பமும் பட்டினி. ஓடுற கம்ப்யூட்டர்ல இதை மாத்துறது, நாற்காலியில உக்காந்துக்கிட்டே நாற்காலிக் காலை மாத்துற வேலை."

"அவன் எப்படி மாத்தியிருக்கான்?"

வாலு திரையை உருட்டினான். உருட்ட உருட்ட அவன் குரலில் ஒரு மரியாதை வந்து ஏறியது.

"ஆள் சாதாரண ஆள் இல்ல பாஸ். சோர்ஸை ஒரு ஃபோல்டர்ல வச்சு, தனி ஃபோல்டர்ல கட்டியிருக்கான். கட்டி முடிச்சதும் அதோட சோதனைகள் அத்தனையும் ஓட்டியிருக்கான். நானா இருந்தா பாதியில டீ குடிக்கப் போயிருப்பேன். அப்புறம் நேரா இன்ஸ்டால் பண்ணல. ஓரமா ஒரு ஃபோல்டர்ல போட்டு, ஒவ்வொரு புரோகிராமா அதுல ஓட்டிப் பாத்துட்டுத்தான் உள்ள விட்டிருக்கான். பழைய லைப்ரரியையும் பத்திரமா காப்பி எடுத்து வச்சிருக்கான்."

"இத்தனை பண்ணியும் ஏன் செத்தது?"

"லைப்ரரி செத்ததே இல்ல! புதுசு சரியா உக்காந்திருக்கு. ஆனா லோடர்னு ஒரு ஃபைல் உண்டு. எந்த புரோகிராமும் கிளம்பறதுக்கு முன்னாடி தட்ட வேண்டிய கதவு அதுதான். அதோட பேரை மாத்தி வச்சிருக்கு. கதவு இருந்த இடத்துல சுவர். வந்ததெல்லாம் முட்டிக்கிட்டுச் செத்திருக்கு. இன்ஸ்டால் தானா இப்படிச் செய்யாது. யாரோ கையால செஞ்சது."

"கை தவறியா?"

"தவறலாம். ஒரு எழுத்து மாறினா போதும். பெரிய பெரிய ஆளுங்களே இதுல மூக்கை உடைச்சுக்கிட்டிருக்காங்க."

வக்கீலம்மா மோவாயைத் தடவிக்கொண்டாள். அது நல்ல சகுனம் என்று வாலுவுக்குத் தெரியும்.

"மெஷின் படுத்ததும் பதறிப்போய் ரிசல்ட்டை அழிச்சான்னு டாக்டர் சொல்றார். எதை வச்சு அழிச்சான்?"

"எதை வச்சுன்னா, அழிக்கிறதுக்குன்னு ஒரு கமாண்டு இருக்கு பாஸ்…"

வாலுவின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

"அந்தக் கமாண்டும் ஒரு புரோகிராம்தானே?" என்றாள் அவள்.

"புரோகிராம்தான். அதுவும் முட்டிக்கிட்டுச் செத்திருக்கணும்." வாலு தலையில் அடித்துக்கொண்டான். "இது என் மரமண்டைக்கு ஏறலையே! செத்த பிறகு யாரும் எதையும் அழிச்சிருக்க முடியாது. ரிசல்ட்டை முன்னாடியே அழிச்சாச்சு. சும்மா அழிக்கல, அந்த இடத்து மேல குப்பையை எழுதி எழுதித் தேய்ச்சிருக்கு. பேக்கப்புலயும் அதே கதை. அதுக்கப்புறம்தான் கதவைக் கழட்டியிருக்காங்க, எல்லாம் விபத்து மாதிரி தெரியட்டும்னு. டாக்டர்தான் பாஸ்! கையும் களவுமா மாட்டினார்!"

"டாக்டருக்கு இந்தப் பெட்டியில பட்டன் எங்கே இருக்குன்னாவது தெரியுமா?"

வாலு பெட்டியில் சற்றுமுன் நாடி பார்த்த இடத்தைத் தடவினான்.

"தெரியாது" என்று ஒப்புக்கொண்டான்.

"சரி, யாரோ கழட்டினாங்கன்னே வை. கழட்டின கதவைத் திருப்பி மாட்ட வழியே இல்லையா? இவ்வளவு ஜாக்கிரதையான ஆள் அதை யோசிக்காமலா இறங்கியிருப்பான்?"

"பேரை மாத்துற கமாண்டும் ஓடாதே பாஸ். லைப்ரரி தயவே இல்லாம தனியா ஓடுற கருவி ஒண்ணு முன்கூட்டியே செஞ்சு வச்சிருந்தா…"

அவன் விரல்கள் கீபோர்டில் பறந்தன. திடீரென்று நின்றன.

"என்ன?"

"இருக்கு பாஸ்." குரல் இறங்கிவிட்டது. "செஞ்சு வச்சிருக்கான். சோதிச்சும் பாத்திருக்கான். திறந்திருந்த விண்டோவுல ஒரே ஒரு வரி. அடிச்சிருந்தா மெஷின் எழுந்து உக்காந்திருக்கும்."

"அடிக்கல."

"அடிக்கல. வேற யாராவது கொன்னிருந்தா, இவன் சீட்டுக்குத் திரும்பின உடனே எழுப்பியிருப்பான். தீயணைப்பு வண்டியை வாசல்ல கொண்டுவந்து நிறுத்திட்டு, கையைக் கட்டிக்கிட்டு வீடு எரியறதைப் பாத்திருக்கான்."

ஸ்டோர் ரூமின் பினாயில் வாடை திடீரென்று அதிகமானது போல வாலுவுக்குத் தோன்றியது. வக்கீலம்மா எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"பதறிப்போய் அழிச்சேன்னு சொன்னதும் அவனேதான். நடக்காத காரியம்னு அவனுக்குத் தெரியும். டாக்டருக்கும் ஊருக்கும் தெரியாது. தெரியாதவங்களுக்குன்னு கட்டின கதை அது."

"இப்ப கிளையன்ட்கிட்ட என்னன்னு சொல்றது? உங்க அண்ணன் தப்பா எதுவும் பண்ணலம்மா, வேணும்னே பண்ணினார்னா?"

வக்கீலம்மா சிரிக்கவில்லை.

*

அண்ணன் எங்கே இருக்கிறான் என்று தங்கைக்கு அன்றுதான் தெரிந்திருந்தது. ஊருக்கு வெளியே ஒரு பார்சல் கிடங்கு. அவன் பழைய நண்பன் ஒருவன் வாய் தவறிச் சொல்லியிருந்தான். அவளையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஸ்டோர் ரூமில் கண்டதை வக்கீலம்மா அவளிடம் சொல்லவில்லை. "முதல்ல நாங்க பேசிட்டு வர்றோம், நீ வண்டியில இரும்மா" என்று மட்டும் சொன்னாள். அவள் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. அண்ணனுடைய சட்டைகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு எடுத்து வந்திருந்தாள்.

கிடங்குக்குள் தகரக் கூரை அனலைக் கொட்டிக்கொண்டிருந்தது. நகரும் பெல்ட்டில் அட்டைப் பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. இடுப்பில் பட்டை கட்டிய ஒருவன் அவற்றை எடுத்துத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். கனமானது கீழே, லேசானது மேலே, முகவரி எல்லாம் ஒரே பக்கம் பார்க்க. இவன்தான் என்று வாலுவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வக்கீலம்மா சுற்றி வளைக்கவில்லை.

"அந்தத் தனிக் கருவியை ஏன் நீங்க உபயோகப்படுத்தல?"

அவன் கை பெட்டிமேல் அப்படியே நின்றது. நீங்கள் யார் என்றுகூட அவன் கேட்கவில்லை.

"அதை யாரும் தேட மாட்டாங்கன்னு நினைச்சேன்" என்றான்.

"மத்ததையெல்லாம் தேய்ச்சு அழிச்சீங்க. அதை மட்டும் ஏன் விட்டீங்க?" என்று வாலு கேட்டான். தொழில்காரனாக அவனுக்கு அது தெரிந்தே ஆக வேண்டியிருந்தது.

"நல்லாக் கட்டியிருந்தேன். அழிக்க மனசு வரல."

பெல்ட்டில் பெட்டிகள் தேங்க ஆரம்பித்தன. அவன் பக்கத்தில் இருந்தவனிடம் சைகை காட்டிவிட்டு ஓரமாக வந்தான். வக்கீலம்மா, தான் அவன் தங்கை அனுப்பி வந்திருப்பதைச் சொன்னாள். அதைக் கேட்டதும் அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அவளை இதுக்குள்ள இழுக்காதீங்க மேடம். காலைத் தொட்டுக் கேக்கிறேன்."

"அப்போ அவளுக்காகத்தான் செஞ்சீங்க."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்தினார். ஒரு அம்மாவுக்கு ரத்தத்துல பொட்டாசியம் எக்கச்சக்கமா இருந்திருக்கு, நார்மல்னு ரிப்போர்ட் போயிருக்கு. ரிப்போர்ட்டை நம்பி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மறுநாள் இதயம் நின்னுடுச்சு. பழைய அனலைசர் மெஷினைச் சரிபார்க்காம ஓட்டினது உன் தங்கச்சின்னார். பதிவுல அவ பேர் இருக்கு, அந்தம்மாவோட வீட்டுக்காரர் போலீசுக்குப் போயிட்டார், அவங்க வந்து எடுத்தா விலங்கு அவளுக்குத்தான்னார். நான் ஒண்ணும் சொல்லலப்பா, மெயின் கம்ப்யூட்டர் உன் பொறுப்புன்னார். தோள்ல தட்டிக் குடுத்தார்."

"அந்தப் பதிவைத் திறந்து பாத்தீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"பாத்தா அது நிஜமாயிடும்னு பயம். அவ பேரை அங்கே கண்ணால பாத்துட்டு, அப்புறம் அவ முகத்தைப் பாத்து எப்படிப் பேசறது?" அவன் இடுப்புப் பட்டையைத் தேவையில்லாமல் இறுக்கினான். "முட்டாள்னு பேர் வாங்கறது ஒண்ணும் பெரிசில்ல மேடம். லைப்ரரி மாத்தும்போது மெஷின் படுத்துடுச்சுன்னா தொழில்ல எல்லாரும் நம்புவாங்க. நம்பினாங்க."

"எந்தப் பதிவுண்ணா?"

மூன்று பேரும் திரும்பினார்கள். துணிப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு தங்கை நின்றிருந்தாள். காரில் இருப்புக்கொள்ளவில்லை போலும். எவ்வளவு கேட்டாளோ தெரியவில்லை. தேவையான அளவுக்குக் கேட்டிருந்தாள்.

"குட்டி, நீ வீட்டுக்குப் போ."

"அந்த மெஷினை அன்னைக்கு நான் ஓட்டவே இல்லையேண்ணா." கோபமில்லாமல், ஏதோ கணக்குத் தவறைத் திருத்துகிறவள் மாதிரி அவள் சொன்னாள். "காலையில சரிபார்க்கும்போதே தப்பாக் காட்டுச்சு. நான்தான் நிறுத்தினேன். இதுல ரத்தம் வைக்காதீங்கன்னு டாக்டர்கிட்டயும் சொன்னேன். வரிசையில ஜனம் நிக்குது, நீ போய் ரத்தம் எடுன்னு என்னை அனுப்பிட்டு, தன் பாஸ்வேர்டைப் போட்டு அவரே ஓட விட்டார். யார் நிறுத்தினா, யார் ஓட விட்டா, எல்லாம் மெயின் கம்ப்யூட்டர்ல தானா ஏறுமே. அந்த ஏற்பாட்டைச் செஞ்சதே நீதானே."

வாலு திரும்பி அண்ணனைப் பார்த்தான்.

"இதை நீ ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?" என்றாள் வக்கீலம்மா.

"போலீஸ்ல சொன்னேன் மேடம். ஆதாரம் எங்கேன்னாங்க. வேலையை விட்டுத் துரத்தினவனோட தங்கச்சி, காழ்ப்புல பேசறான்னு டாக்டர் சொன்னாராம். கொஞ்சம் பொறுங்க, என் அண்ணன் போனை எடுக்கட்டும், அவன் எப்படியாவது எடுத்துக் குடுப்பான்னு சொல்லிட்டு வந்தேன்." அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "ஏதாவது மூலையில ஒரு காப்பி இருக்கும்ல? நீ எப்பவும் ஒண்ணு வச்சிருப்பியே."

"இல்ல குட்டி."

"நல்லா யோசிச்சுப் பாருண்ணா."

"நான் அழிச்சா மிச்சம் இருக்காது" என்றான் அவன். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவன் காதிலேயே விழுந்தது போலும். பக்கத்தில் இருந்த பெட்டியின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அவள் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று வாலு எதிர்பார்த்தான். அவள் அழவில்லை.

"உன்னைப் பத்தி ஊரே சொன்னது. அம்மாகூட நம்பினாங்க. நான் ஒருத்தர்கிட்டகூட ஆமான்னு தலையாட்டல. தெரியாத ஆளைத் தேடிப் பிடிச்சு, என் அண்ணன் அப்படி இல்லன்னு சொல்லிட்டு அலைஞ்சேன். உன்கிட்ட ஒருத்தர் வந்து உன் தங்கச்சி ஒருத்தியைச் சாகடிச்சுட்டான்னு சொன்னதும் நீ நம்பிட்டியாண்ணா? அப்படியான்னு ஒரு வார்த்தை என்னைக் கேக்கலையே."

"உன்னைக் காப்பாத்தணும்னு…"

"அந்தம்மாவுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுத்தது நான். வலிக்கவே இல்லம்மா, கைராசிக்காரின்னு சொல்லிட்டுப் போனாங்க. அவங்களுக்குன்னு மிச்சமிருந்தது அந்தப் பதிவு ஒண்ணுதான்."

மேற்பார்வையாளர் தூரத்திலிருந்து ஏதோ கத்தினார். பெல்ட்டில் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஒன்று கீழே விழுந்தது. அண்ணன் அனிச்சையாக எழுந்து போய் அதை எடுத்து, முகவரி தெரியும்படி திருப்பி வைத்தான். பிறகு திரும்பி வந்து வக்கீலம்மாவின் முன்னால் நின்றான்.

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"செய்யணும்னு நான் சொல்ல மாட்டேன். நிலைமையைச் சொல்றேன். அந்த டிஸ்க்ல இருக்கிறதை வச்சு நான் நிரூபிக்கக்கூடியது ஒண்ணே ஒண்ணுதான், நீங்க வேணும்னே அழிச்சீங்கங்கிறது. டாக்டர் சொல்லித்தான் அழிச்சீங்கங்கிறதுக்கு உங்க வாய் மட்டும்தான் சாட்சி. அதைத் திறந்தா முதல்ல உள்ள போறது நீங்க. அவர் உங்க பின்னாலயே வருவாரா, இல்ல வாசல்ல நின்னு வழியனுப்பிட்டுப் போயிடுவாரான்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

"அவர் மறுப்பார்."

"மறுப்பார். நல்ல வக்கீலா வச்சு மறுப்பார்."

அவன் இடுப்புப் பட்டையை அவிழ்த்து, சுருட்டி, தள்ளுவண்டியின் கைப்பிடியில் மாட்டினான்.

காரில் தங்கை முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். அண்ணன் பின்னால், வாலுவுக்குப் பக்கத்தில். துணிப்பை அவர்கள் இருவருக்கும் நடுவே கிடந்தது. அவள் அதைக் கொடுக்கவும் இல்லை, அவன் எடுக்கவும் இல்லை. வழியில் ஒரு தடவை அவன் முன்னால் குனிந்து, "அம்மா மருந்து…" என்று ஆரம்பித்தான். அவள் கண்ணாடியை இறக்கிக் காற்றை உள்ளே விட்டாள். மிச்சம் காற்றோடு போனது. கேலி பேசியே பிழைத்த வாலு அன்று தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

காவல் நிலையத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த காவலர் அவர்களை நிமிர்ந்து பார்த்தார். வக்கீலம்மா விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். அவர் அண்ணனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு நாற்காலியைக் காட்டினார். அவன் உட்கார்ந்தான். தங்கை உட்காரவில்லை.

"நீங்க இவருக்கு என்ன வேணும்மா?" என்று காவலர் அவளிடம் கேட்டார்.

அண்ணன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அவள் அவன் கண்ணைத் தவிர்க்காமல் நேராகப் பார்த்துவிட்டு, காவலரிடம் திரும்பினாள்.

"நான் புகார் குடுக்க வந்தவ சார்" என்றாள். "டாக்டர் மேல ஒண்ணு. இவர் மேல ஒண்ணு."